ராலிட்சாவின் ஓரங்கள்

இது நல்ல மேசை, மேடம். பழைய பீச் மரம். எத்தனையோ பேருடைய முழங்கைகள் பட்டுப் பட்டு ஓரம் மழுங்கியிருக்கிறது. அந்த மழுங்கலில் ஜன்னல் வெளிச்சம் ஒரு மெல்லிய கீற்றாக நிற்கிறது, பாருங்கள். என் தொழிலில் இருப்பவன் எந்த அறைக்குள் போனாலும் முதலில் ஓரங்களைத்தான் பார்ப்பான். தப்பாக நினைத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கேள்விக்கே வருகிறேன்.

கலோயான் தன் புகாரில் எழுதியிருப்பது எல்லாம் உண்மை. அவர் என்னோடு வேலை பார்த்த ராலிட்சாவின் அண்ணன். கோபத்தில் இருக்கிறார், ஆனால் பொய் சொல்கிறவர் இல்லை. அதனால் 'நீதான் செய்தாயா' என்று நீங்கள் கேட்க வேண்டியதே இல்லை. ஏன் செய்தேன் என்பது மட்டும்தான் பாக்கி. அதைச் சொல்ல என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் ரயில் ஓட்டும் கணினி விளையாட்டுகளுக்கு இரும்புச் சாமான்கள் செய்து கொடுப்பவர்கள். எஞ்சின், சக்கரம், விளக்கு, கதவுக் கைப்பிடி எல்லாம் திரையில்தான். எந்தப் பொருளும் முதலில் சதுரம் சதுரமாகப் பின்னிய வலையாக இருக்கும். பிறகு அதை வழவழப்பாக்கச் சொல்வோம். கணினி நல்லது கெட்டது பார்க்காமல் எல்லாவற்றையும் வழவழப்பாக்கிவிடும். வளைவுகள் அழகாக வரும். ஆனால் கூராக நிற்க வேண்டிய ஓரங்களும் தண்ணீரில் கிடந்த சோப்புக்கட்டி மாதிரி கரைந்துபோகும். இரும்பு இரும்பாகத் தெரியாது.

ஓரம் கரையாமல் நிற்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று என் வழி. ஒவ்வொரு ஓரத்துக்கும் இரண்டு பக்கமும் ஒட்டினாற்போல் ஒரு கோடு இழுத்துவிடுவேன். தாங்குகோடு என்போம். கோடு கிட்டே இருந்தால் ஓரம் கூராக நிற்கும், தள்ளிப் போனால் மழுங்கும். இன்னொன்று ராலிட்சாவின் வழி. கோடே கிடையாது. அந்த ஓரத்துக்கு ஓர் எண்ணைக் கொடுத்து, இது இவ்வளவு இறுக்கமாக நிற்க வேண்டும் என்று கணினியிடம் சொல்லிவிடுவாள். அவ்வளவுதான். கோடு இழுத்தால் அது தேவையான இடத்தோடு நிற்காது, பொருள் முழுக்கச் சுற்றிக்கொண்டு வரும். வலை கனத்துவிடும். நாளைக்கு ஒரு திருத்தம் என்றால் எல்லாவற்றையும் பிரித்துப் போட வேண்டும். எண் என்றால் வலை லேசாக இருக்கும், வேலை சீக்கிரம் முடியும். அவளுடைய வழி வேகமானது. அதை நான் ஒருநாளும் மறுத்ததில்லை.

ராலிட்சாவை எனக்கு நுண்கலைக் கல்லூரியிலிருந்தே தெரியும். எங்கள் இருவருக்கும் ஒரே வயது. வேலையிலும் பக்கத்துப் பக்கத்து மேசைதான். சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டே வேலை செய்வாள், விசைப்பலகை முழுக்கத் தோலாகக் கிடக்கும். வாயில் எதையாவது வைத்துக்கொண்டு சிரிப்பாள். அவள் கணவன் விவாகரத்து வாங்கிக்கொண்டு ஸ்பெயினில் வலென்சியாவுக்குப் போய்விட்டான். சியானா என்று ஒரே மகள், அப்போதுதான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்தாள். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, நீங்கள் எழுதிக்கொள்வதைப் பார்த்துச் சொல்கிறேன்.

எங்கள் தலைவர் ஸ்டானிமிர் ஒருநாள் எல்லோரையும் கூப்பிட்டார். ஒரு பெரிய நீராவி எஞ்சின் வந்திருந்தது. ஆளுக்கு ஒரு வழியில் செய்தால் ஒட்டாது, ஒரே வழியில் போக வேண்டும், எந்த வழி என்று கேட்டார். நான் என் நியாயத்தைச் சொன்னேன்.

"கோடு கண்ணுக்குத் தெரியும். எண் தெரியாது. நாளைக்கு ஒரு ஓரத்துக்குப் போட மறந்துட்டா யாரு கண்டுபிடிக்கிறது?"

"மறந்தாத்தானே?" என்றாள் ராலிட்சா. "நான் என்ன மறதிக்காரியா? ப்ளாமென், நீ ஒரு கைப்பிடிக்குக் கோடு போட்டு முடிக்கிறதுக்குள்ள ரயிலு வர்னாவுக்கே போய்ச் சேந்துடும்டா."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஸ்டானிமிர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, இந்த எஞ்சினை ராலிட்சா வழியிலயே செய்வோம். ப்ளாமென், எல்லா வேலையும் உன் கிட்ட வரட்டும். நீ பார்த்துச் சரின்னு சொன்னாத்தான் உள்ள போகணும். உன் கண்ணுக்கு எதுவும் தப்பாது" என்றார்.

எனக்குக் கொடுத்த பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன்.

முதல் தடவை நான் செய்தது ஒரு சோதனைதான். எஞ்சினின் முகப்பு விளக்குக்கு ஒரு பித்தளை வளையம் செய்து கொடுத்திருந்தாள். அருமையான வேலை. நான் அதைத் திறந்து ஓரத்திலிருந்த எண்ணை அழித்தேன். வளையம் உருகி வழிந்த மெழுகு மாதிரி ஆயிற்று. அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். 'எண்ணை மறந்தால் என்ன ஆகும்' என்று நான் கூட்டத்தில் சொன்னதை அவள் கண்ணாலேயே பார்க்க வேண்டும் என்பதற்கு மேல் எனக்கு எந்த எண்ணமும் கிடையாது. அவள் சண்டை போடுவாள் என்று நினைத்தேன். இரண்டு பேரும் சிரித்துக்கொள்வோம், நான் உண்மையைச் சொல்லிவிடுவேன்.

அவள் சண்டை போடவில்லை. "போட்டேனே" என்றாள். அப்புறம் இன்னொரு முறை, மெதுவாக, "போட்டேன்னுதானே நினைச்சேன்" என்றாள். முகம் வெளுத்துவிட்டது.

மதியம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து தயிர்ச் சூப்பைக் கிண்டிக்கொண்டே இருந்தாள், குடிக்கவில்லை. பெர்னிக்கில் இருந்த தன் அம்மாவைப் பற்றிச் சொன்னாள். வேதியியல் டீச்சர். முதலில் உப்புப் போட்டோமா இல்லையா என்று மறந்தார். பிறகு வார்த்தைகள் போயின. கடைசியில் ராலிட்சாவையே பார்த்து, 'யாரும்மா நீ, லட்சணமா இருக்கியே' என்று கேட்டாராம்.

"அம்மாவுக்கு இது ஆரம்பிச்சப்போ இப்போ எனக்கு இருக்கிறதைவிடக் கொஞ்சம்தான் வயசு அதிகம்" என்றாள். "இது ரத்தத்துலயே வரும்ங்கிறாங்க. யார்கிட்டயும் சொல்லிடாதே ப்ளாமென். அண்ணனுக்குக்கூட நான் பயப்படுறது தெரியாது."

"சொல்ல மாட்டேன்" என்றேன். கடைசிவரை சொல்லவில்லை. கொடுத்த வார்த்தையைக் காப்பாற்றுகிறவன் நான், இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாமே என்று கலோயான் எழுதியிருக்கிறார். நானும் அதை யோசித்ததுண்டு. ஆனால் ஒரே ஒரு பிசகு எதையும் நிரூபிக்காது, மேடம். யாருக்கும் ஒருமுறை கை தவறும். வழியே தவறு என்று காட்ட வேண்டுமானால் அது திரும்பத் திரும்ப நடக்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. அன்றிலிருந்து அவள் எந்த வேலையையும் அனுப்புவதற்கு முன்னால் என் மேசைக்கு வரத் தொடங்கினாள். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்காருவாள். "பாரு, போட்டிருக்கேன்ல?" என்பாள். நான் ஒவ்வொரு ஓரமாகப் பார்த்து, "போட்டிருக்கே" என்பேன். அது உண்மைதான். அவள் வீட்டுக்குப் போன பிறகு ஒன்றிரண்டை அழிப்பேன். எப்போதும் இல்லை. அவள் சந்தோஷமாக இருக்கிற வாரங்களில்தான்.

அவள் முட்டாள் இல்லை. ஒருநாள் தன் திரையைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு வந்தாள். பிஸ்டன் மூடி. ஓரங்களெல்லாம் கத்தியாக நின்றன. என் திரையில் அதே மூடி குழைந்துபோய்க் கிடந்தது.

"இதுக்கு என்ன சொல்றே?" என்றாள். குரலில் கொஞ்சம் உயிர் வந்திருந்தது. "நான் போட்டிருக்கேன், பாரு. யாரோ கை வைக்கிறாங்க."

அந்தக் கணத்தை நான் நன்றாக நினைவு வைத்திருக்கிறேன். நான் சொல்லிவிடலாம் என்றுகூட நினைத்தேன். ஆனால் 'யாரோ' என்று அவள் சொன்னபோது என் முகத்தைப் பார்க்கவில்லை. மற்றவர்கள் இருந்த பக்கம் பார்த்தாள். அவள் என்னைச் சந்தேகிக்கவே இல்லை. அப்படிப்பட்டவளிடம் போய் எப்படிச் சொல்வது?

"இது செவ்வாய்க்கிழமை கொடுத்தது" என்றேன். "அதுல சரியாத்தான் இருந்துச்சு. அதுக்கப்புறம் நீயே போல்ட் ஓட்டையை மாத்தணும்னு திருப்பி வாங்கிட்டுப் போனே. ஞாபகம் இல்லையா?"

அவள் படத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "வாங்கிட்டுப் போனேனா?"

"சரி விடு. எல்லாருக்கும் நடக்கிறதுதான்" என்றேன்.

தலையைப் பக்கவாட்டில் ஆட்டிக்கொண்டே போனாள், ஆமாம், ஆமாம் என்று. அதற்குப் பிறகு அவள் படம் பிடிக்கவில்லை.

இந்தச் சமயத்தில் போலந்தில், க்தான்ஸ்க்கில் ஒரு கம்பெனி அவளைக் கூப்பிட்டது. நல்ல வேலை, கடலோர ஊர், சியானாவுக்குப் பள்ளிக்கூடமும் பார்த்து வைத்திருந்தாள். 'இந்த நிலைமையில எப்படிப் போறது' என்று, வரவில்லை என எழுதிப் போட்டுவிட்டாள். அது வேறு விஷயம். முழுமையாகச் சொல்ல வேண்டும் என்பதற்காகச் சொன்னேன்.

ஓரங்களோடு அது நிற்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவள் ஏதாவது புதிதாகச் சொல்ல வந்தால், பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதை நேத்தே சொன்னியே" என்பேன். அவ்வளவுதான். ஒரு வாக்கியம். சொல்ல வந்த கதை பாதியில் நின்றுவிடும். பிறகு அவளாகவே, "இதை உன் கிட்ட முன்னாடியே சொல்லிட்டேனா?" என்று கேட்டுவிட்டுத்தான் எதையும் தொடங்குவாள். கொஞ்ச நாளில் அதிகம் பேசுவதையே குறைத்துக்கொண்டாள். விதை கொறிப்பதும் நின்றது.

டாக்டரிடம் அழைத்துப் போனதே நான்தான். அதை யாரும் மறுக்க முடியாது. எல்லாச் சோதனையும் செய்தார்கள். மூளையில் ஒரு கோளாறும் இல்லை, வேலைக் களைப்பு, ஓய்வெடுங்கள் என்றார் டாக்டர். வெளியே வந்து டிராம் நிறுத்தத்தில் நின்றோம். எனக்கு உண்மையிலேயே நிம்மதியாக இருந்தது. அவளுக்கு இல்லை.

"அம்மாவுக்கும் முதல்ல இப்படித்தான் சொன்னாங்க" என்றாள். "களைப்பு, ஓய்வெடுங்கன்னு."

இனி பள்ளிக்கூட விஷயம். கலோயான் இதைத்தான் கொட்டை எழுத்தில் எழுதியிருப்பார்.

சியானாவை அழைத்துவர அனுமதி உள்ளவர்களில் என் பெயரையும் ராலிட்சாதான் சேர்த்திருந்தாள். மார்ச் மாதம், குழந்தைகள் கையிலெல்லாம் வசந்தத்துக்கான சிவப்பு வெள்ளைக் கயிறு கட்டியிருந்தது. நான் கொஞ்சம் முன்னதாகவே போய்ச் சியானாவை அழைத்துக்கொண்டேன். டீச்சருக்கு என்னைத் தெரியும். பூங்காவுக்குப் போனோம். சீஸ் வைத்துச் சுட்ட பனிட்சா வாங்கிக் கொடுத்தேன், ஒரு குவளை போசா குடித்தாள், மேலுதட்டில் மீசை வரைந்தது மாதிரி ஒட்டிக்கொண்டது. வாத்துகளுக்குப் பெயர் வைத்தாள். குழந்தைக்கு ஒரு குறையும் வரவில்லை. அவளைக் கேட்டால் நல்ல நாள் என்றுதான் சொல்வாள். போன் என் கோட்டுப் பையில் ஒலித்துக்கொண்டிருந்தது. நான் எடுக்கவில்லை.

நாங்கள் வீட்டுக்குப் போனபோது ராலிட்சா மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். கோட்டுப் பொத்தான்களை மாற்றிப் போட்டிருந்தாள். குழந்தையை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"எங்கடா கூட்டிட்டுப் போனே? ஊரெல்லாம் தேடிட்டேன். டீச்சர் உன் கூட அனுப்பினேன்னு சொல்றாங்க, நீ போனை எடுக்கலை..."

"நீதானே கூட்டிட்டு வரச் சொன்னே?" என்றேன். "காலையில, லிஃப்ட் பக்கத்துல. வேலை இருக்கு, பூங்காவுக்குக் கூட்டிட்டுப் போன்னு."

அவள் அப்படிச் சொல்லவே இல்லை, மேடம். அன்று காலையில் லிஃப்டுக்குப் பக்கத்தில் நாங்கள் பேசிக்கொள்ளவே இல்லை.

அவள் என்னை வெகுநேரம் பார்த்தாள். கண்கள் எதையோ தேடுவது தெரிந்தது. பிறகு, "ஆமா" என்றாள். "லிஃப்ட் பக்கத்துல. ஆமா, சொன்னேன்." குழந்தையைப் பார்த்துச் சிரிக்க முயன்றாள். "அம்மா மறந்துட்டேன் கண்ணு."

தன் நினைவை விட்டுவிட்டு என் நினைவை எடுத்துக்கொண்டாள். ஒரு மனுஷி இன்னொருவன் மேல் இதற்கு மேல் நம்பிக்கை வைக்க முடியுமா? இவ்வளவு பெரிய பரிசை எனக்கு யாரும் கொடுத்ததில்லை. அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த மாதமே வலென்சியாவுக்குப் போன் செய்து, மகளை வந்து அழைத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டாள். அடுப்பை அணைக்க மறந்தால், தெருவில் கையை விட மறந்தால் என்று பயம். விமான நிலையத்துக்கு நான்தான் காரில் கொண்டுபோய் விட்டேன். சியானா அழவில்லை. ராலிட்சாவும் அழவில்லை. திரும்பி வரும்போது மட்டும், "அவ பேரை நான் மறக்கிறதுக்கு முன்னாடி அவ என்னை மறந்துட்டா நல்லது" என்றாள்.

ஸ்டானிமிர் நல்ல மனிதர். கடைசிவரை பொறுத்தார். பிறகு, "கொஞ்ச நாள் ஓய்வெடும்மா, எப்ப வேணா வா" என்று அனுப்பி வைத்தார். எஞ்சினை என் வழியில், தாங்குகோடுகளோடு, நான் முடித்துக் கொடுத்தேன். வழவழப்பாக்கியபோது ஒரு ஓரம்கூடக் கரையவில்லை. ஆனால் அடுத்த வேலைக்கே ஒரு புதிய மென்பொருள் வந்துவிட்டது. கோடும் வேண்டாம், எண்ணும் வேண்டாம், ஓரத்தை அதுவே பார்த்துக்கொள்கிறது. யாரும் எங்கள் சண்டையை இப்போது நினைத்துக்கூடப் பார்ப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் லூலினில் இருக்கும் அவள் வீட்டுக்குப் போவேன். அலமாரிக் கதவுகளிலெல்லாம் சீட்டு ஒட்டியிருந்தாள். உப்பு. சர்க்கரை. தீப்பெட்டி. அவளுக்கு எது எங்கே இருக்கிறது என்று நன்றாகவே தெரியும். இருந்தாலும் சீட்டைப் படித்துவிட்டுத்தான் கதவைத் திறப்பாள். நான் எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை. மாதக்கணக்காக எதையும் தொடவில்லை. அப்படியே இருந்திருக்கும்.

கலோயான் அவளை ரூசேவில் இருக்கும் தன் வீட்டுக்கு அழைத்துப் போவதாகத் தீர்மானித்த வாரத்தில்தான் என் மனச்சாட்சி விழித்துக்கொண்டது. இரண்டும் ஒரே சமயத்தில் நடந்தது தற்செயல். நான் போனபோது பெட்டிகள் கட்டி வைத்திருந்தார்கள். கலோயான் சமையலறையில் காப்பி போட்டுக்கொண்டிருந்தார். நான் அவள் எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"எண்களையெல்லாம் அழிச்சது நான்தான் ராலிட்சா. விளக்கு வளையம், பிஸ்டன் மூடி, எல்லாம். நீ எதையும் மறக்கலை. உனக்கு ஒண்ணுமே இல்லை. நீ ரூசேவுக்குப் போக வேண்டியதில்லை."

அவள் கடைசிவரை கேட்டாள். முடித்ததும், "பள்ளிக்கூடம்?" என்றாள்.

"அதுவும்தான். நீ என்னைக் கூட்டிட்டு வரச் சொல்லவே இல்லை."

அவள் கண் நிறைந்துவிட்டது. என் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள்.

"லிஃப்ட் பக்கத்துல சொன்னேன்டா. நீ பச்சைச் சட்டை போட்டிருந்தே. உன் கையில குடை இருந்துச்சு. எனக்கு அது ஒண்ணாவது நல்லா ஞாபகம் இருக்கு, அதையும் பிடுங்கிக்காதே." பிறகு, சமாதானப்படுத்துகிற குரலில், "எனக்காக இப்படிப் பழியை உன் தலையில போட்டுக்காதே ப்ளாமென். நீ ரொம்ப நல்லவன். எனக்குத் தெரியும்" என்றாள்.

உள்ளே காப்பி பொங்கி அடுப்பில் வழிந்து சுரீரென்றது. கலோயான் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். அவர் என்னை நம்பினார். அந்த வீட்டில் அவர் ஒருவர்தான் நம்பினார். என் மூக்கை உடைத்தார், நான் தடுக்கவில்லை. அப்போதும் ராலிட்சாதான் குறுக்கே விழுந்து, "விடுண்ணா, அவன் எனக்காகப் பொய் சொல்றான்" என்று கெஞ்சினாள்.

ரூசேவிலும் அவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்துவிட்டாராம். டாக்டர்களை வைத்துச் சொல்ல வைத்தாராம். எல்லோரும் சேர்ந்து தன் மேல் இரக்கப்படுகிறார்கள் என்கிறாளாம். வலென்சியாவிலிருந்து சியானா கூப்பிட்டால் போனுக்கே வருவதில்லை, பெயரை மாற்றிச் சொல்லிவிடுவேனோ என்ற பயத்தில்.

இதுதான், மேடம். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். கலோயான் என்னைப் பிசாசு என்று எழுதியிருக்கிறார், அது அவர் கருத்து. என்னைக் கல்லூரியிலிருந்து அறிந்தவள் சொன்னதையும் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள், அது போதும்.

விசாரணைக்காக நீங்கள் ரூசேவுக்குப் போய் அவளையும் பார்ப்பீர்கள், இல்லையா? போகும்போது என்னையும் அழைத்துப் போங்கள். நீங்கள் கேட்பதற்கெல்லாம் அவளுக்குச் சட்டென்று பதில் வராது. நான் பக்கத்தில் இருந்தால் எடுத்துக் கொடுப்பேன்.